புது ரைபிள் பேரல் பழகும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

புது பேரல் போட்ட முதல் மாதத்தில் ரேஞ்சில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: "அண்ணே, இந்த பேரல் சரியில்ல." பெரும்பாலும் பேரல் சரியாகத்தான் இருக்கும். சரியில்லாதது கிளீனிங் ராடு, ஜேக் (ராடின் நுனியில் துடைக்கும் துணியைத் தாங்கும் முனை), ஒரு தளர்ந்த திருகு, சேம்பரில் (தோட்டா அமரும் அறையில்) துடைக்காமல் விட்ட எண்ணெய், அல்லது நம் ஊர் ஈரம். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவாகாத காரணம் முதலில் வருகிறது. பேரலைக் குறை சொல்வது கடைசியில்தான்.

இது போல்ட் ஆக்‌ஷன் டார்கெட் ரைபிள்களுக்கு எழுதியது: .22 ரிம்ஃபயர் (ஊசி தோட்டாவின் அடி விளிம்பில் அடிப்பது) ஒரு பக்கம், .223, .308 போன்ற சென்டர்ஃபயர் (அடியின் நடுவில் அடிப்பது) இன்னொரு பக்கம். உட்புறம் குரோம் பூசிய ராணுவ வகை பேரலுக்குப் பழக்கலே (சுட்டுச் சுத்தம் செய்து உட்புறத்தை வழவழப்பாக்குவதே) தேவையில்லை. தொழிற்சாலை கிரீஸைத் துடைத்துவிட்டுச் சுட வேண்டியதுதான்.

மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேண்டும். பழுதுபார்ப்பவருக்கும் லைசென்ஸ் வேண்டும். ஆகவே கீழே "ஆர்மரர்" என்று வரும் இடமெல்லாம் லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவரைத்தான் குறிக்கிறது. பக்கத்துத் தாமானில் லேத் வைத்திருக்கும் அண்ணன் எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் அவர் இந்தக் கணக்கில் வரமாட்டார்.

எந்தச் சோதனைக்கும் முன்னால்: மேகஸின் வெளியே, போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து பூட்டும் பாகம்) வெளியே, சேம்பரைக் கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டுப் பார்த்தாயிற்று. ரேஞ்ச் ஆபீசர் அனுமதித்த இடத்தில் மட்டும் ராடை எடுங்கள்.

## கோளாறு இல்லாவிட்டால் எப்படி நடக்கும்

இதைத் தெரிந்துகொண்டால்தான் கோளாறு எது என்று தெரியும்.

சென்டர்ஃபயர்: முதலில் கிரீஸ் போக இரண்டு ஈர பேட்ச் (துடைக்கும் சிறு துணித்துண்டு), மூன்று உலர்ந்த பேட்ச். பிறகு ஒரு ஷாட், ஒரு சுத்தம் என்று ஐந்து முறை. அடுத்து மூன்று ஷாட்டுக்கு ஒரு சுத்தம், இரண்டு முறை. கடைசியில் ஐந்து ஷாட், ஒரு சுத்தம். மொத்தம் 16 தோட்டா. உட்புறம் கையால் மெருகேற்றிய ஸ்டெய்ன்லெஸ் பேரல் இதற்கும் முன்பே அடங்கிவிடும். குரோம்மாலி எஃகு கொஞ்சம் பிடிவாதம். ஒற்றை ஷாட் சுற்றே பத்தைத் தாண்டலாம். எண்ணிக்கையை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பேட்சில் வரும் நீலம் (சால்வென்ட்டில் கரைந்த செம்பின் நிறம்) குறைகிறதா என்று பாருங்கள். சேம்பர் வெட்டிய ரீமர் என்ற கருவி, த்ரோட் பகுதியில் (சேம்பர் முடிந்து உட்புற வரிகள் தொடங்கும் இடத்தில்) நுண்ணிய குறுக்குக் கீறல்களை விட்டிருக்கும்; அவை குண்டின் செம்பைச் சுரண்டி எடுக்கும். அந்தக் கீறல் மழுங்கியதும் வேலை முடிந்தது.

இதெல்லாம் வீண் என்று சொல்வோரும் உண்டு. அமெரிக்க பேரல் தயாரிப்பாளர் கேல் மெக்மில்லன், இது பேரலின் ஆயுளைத்தான் குறைக்கிறது என்று வாதாடியவர். 16 தோட்டாவில் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆனால் நூறு தோட்டா வரை சடங்கு நடத்துவது, தோட்டாவை எண்ணி வாங்கும் நம் ஊரில் அசட்டுத்தனம்.

ஒரு சுத்தம் என்றால் இது: கரி கரைக்கும் சால்வென்ட்டில் இரண்டு ஈர பேட்ச். பிரஷ் ஐந்தாறு முறை. உலர்ந்த பேட்ச். பிறகு செம்பு கரைக்கும் சால்வென்ட், லேபிளில் போட்டுள்ள நேரம் வரை காத்திருத்தல். ஸ்வீட்ஸ் 7.62 போன்ற அம்மோனியா கூடிய சரக்கு 15 நிமிடத்துக்கு மேல் உள்ளே இருக்கவே கூடாது; ஊறவிட்டுவிட்டு நாசி கண்டார் சாப்பிடப் போய்விடாதீர்கள். பேட்ச் நிறம் பார்த்து, வேண்டுமானால் இன்னொரு சுற்று. முடிவில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பேட்ச் ஒன்று, உலர்ந்தது இரண்டு, சேம்பருக்குத் தனியாக ஒரு துடைப்பு.

கருவிகள்: இணைப்பில்லாத ஒற்றை ராடு, பூச்சு உள்ளதோ கார்பன் ஃபைபரோ. சேம்பருக்குப் பொருந்தும் போர் கைடு (ராடை நடுவில் நடத்தும் குழாய்). பிளாஸ்டிக் அல்லது நிக்கல் பூசிய ஜேக். .22க்கு ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் சதுரப் பருத்தி பேட்ச், .30க்கு 45 முதல் 50 வரை. போர் கைடு இல்லாமல் ராடைச் செருகுபவர் புது த்ரோட்டை ஒரு வாரத்தில் பழசாக்கிவிடுவார்.

ரிம்ஃபயருக்கு இந்த ஷாட்‑சுத்தம் கணக்கே வேண்டாம். குண்டு ஈயம், மேலே மெழுகு. செம்புப் பிரச்சினை அநேகமாக இல்லை. கிரீஸைத் துடைத்து, 50 முதல் 100 ஷாட் வரை சுட்டு, உட்புறத்தில் மெழுகு சீராகப் படிய விடுங்கள்.

## "புஸ்" என்ற மந்தச் சத்தம், டார்கெட்டில் ஓட்டை இல்லை

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், இதில் தவறினால் அடுத்த அறிகுறியைப் படிக்கக் கையும் கண்ணும் மிஞ்சாது.

அடுத்த தோட்டாவை ஏற்றாதீர்கள். குழல்வாயை டார்கெட் பக்கமே வைத்து 30 விநாடி காத்திருங்கள். மருந்து தாமதமாகப் பற்றும் வாய்ப்பு உண்டு. ரேஞ்ச் ஆபீசருக்குக் கையசையுங்கள். பிறகு போல்ட்டைத் திறந்து கேஸை (தோட்டாவின் பித்தளைக் கூட்டை) எடுத்து, போல்ட்டையும் கழற்றுங்கள்.

- பின்னாலிருந்து பார்க்க வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிகிறது: குண்டு வெளியே போய்விட்டது. ஒரு உலர்ந்த பேட்ச் ஓட்டி, கருகாத மருந்துத் துகள் இருந்தால் துடைத்துவிட்டு, அந்தத் தோட்டாப் பெட்டியை ஒதுக்கி வையுங்கள்.
- வெளிச்சம் இல்லை, அல்லது ராடு பாதியில் நிற்கிறது: குண்டு உள்ளே சிக்கியிருக்கிறது. இங்கேயே நிறுத்துங்கள். கிளீனிங் ராடைச் சுத்தியலால் தட்டினால் ராடும் போகும், ரைஃப்லிங்கும் (குழலின் உட்புறத் திருகு வரிகளும்) போகும். ஆர்மரர் வேலை.
- சுடவே இல்லை, தோட்டாவை வெளியே எடுத்தபோது குண்டு மட்டும் உள்ளே தங்கிவிட்டது, மருந்து கொட்டியிருக்கிறது: த்ரோட் குட்டையாக இருப்பதன் அடையாளம். இதுவும் ஆர்மரருக்கே. அதே வகைத் தோட்டாவை மறுபடி ஏற்றிப் பார்க்க வேண்டாம்.

அடைப்பு இருப்பது தெரியாமல் மேலே இன்னொன்று சுட்டுவிட்டிருந்தால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் ரைபிளை அன்றைக்கு மூடிவிடுங்கள். ராடு சோதனை கீழே இருக்கிறது.

## நீலம் நிற்கவே இல்லை

எத்தனை பேட்ச் ஓட்டினாலும் நீலம் வருகிறது. வாரம் முழுக்கச் சுத்தம் செய்தும் தீரவில்லை.

ஜேக்கைச் சந்தேகப்படுங்கள். பித்தளை ஜேக்கில் செம்பு இருக்கிறது; சால்வென்ட் அதையும் கரைக்கும். புது பேட்ச் ஒன்றை சால்வென்ட்டில் நனைத்து, ஜேக்கில் சுற்றி, பேரலுக்குள் விடாமல் மேசை மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். நீலமாகிவிட்டதா? உங்கள் பேரல் எப்போதோ சுத்தமாகிவிட்டது. வெண்கல பிரஷும் இதே கதை. அதை சால்வென்ட்டோடு உள்ளே ஓட்டி, கழுவாமல் வைத்து, மறுபடி ஓட்டினால் பிரஷின் செம்பையே பேரலுக்குப் பூசுகிறீர்கள். செம்பு சால்வென்ட்டுக்கு நைலான் பிரஷ். வெண்கலம் கரிக்கு மட்டும். "தீராத செம்பு" என்று வருபவர்களில் நிறையப் பேருடைய வழக்கு இந்தப் பத்தியோடு முடிந்துவிடும்.

கரி மேலே, செம்பு கீழே. பேட்ச் ஒரு சுற்று கறுப்பு, அடுத்த சுற்று நீலம், மறுபடி கறுப்பு என்று மாறி மாறி வந்தால் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. செம்பு சால்வென்ட் கரியைத் துளைக்காது. கரி சால்வென்ட்டும் பிரஷும் கொண்டு கறுப்பு முழுதும் போன பிறகே செம்புக்கு வாருங்கள்.

அவசரம். ஊற்றினேன், துடைத்தேன் என்றால் வேலை நடக்காது. லேபிள் சொல்லும் நேரம் கொடுங்கள். அதற்கு மேலும் கொடுக்காதீர்கள்.

இவை மூன்றும் இல்லையென்றால் ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் ஷாட்டுக்குப் பின் வந்த பேட்சை எறிந்துவிடாமல், தேதியும் ஷாட் எண்ணும் எழுதிப் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்க வேண்டும். பத்தாவது ஒற்றை ஷாட்டின் பேட்ச் முதலாவதைவிட வெளிறியிருந்தால் தொடருங்கள், இறங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே அடர்த்தி என்றால் த்ரோட் கரடு. குழல்வாயில் டார்ச் அடித்து, கடைசி இரண்டு மூன்று சென்டிமீட்டரில் ரைஃப்லிங் மேட்டில் செந்நிறக் கோடு ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

கரடு த்ரோட்டுக்கு ஜே‑பி போன்ற மெல்லிய பாலிஷ் பேஸ்ட் ஒரு முறை பயன்படுத்தலாம்: இறுக்கமான பேட்சில் தடவி, த்ரோட் பகுதியில் மட்டும் பத்துப் பதினைந்து குட்டை இழுப்பு, பிறகு முழு நீளத்துக்கு இரண்டு மூன்று. குழல்வாய்க்கு வெளியே ஜேக் வரக் கூடாது. உத்தரவாதம் உள்ள பேரல் என்றால் விற்றவரிடம் கேட்ட பிறகு மட்டுமே. மாதா மாதம் இதைச் செய்பவர், பேரலைப் பழக்கவில்லை, தேய்க்கிறார்.

ஆர்மரருக்கு எப்போது: பேஸ்டுக்குப் பிறகும் மாற்றமில்லை, அல்லது போர்ஸ்கோப்பில் (குழலுக்குள் பார்க்கும் குட்டிக் கேமராவில்) பார்க்கும்போது செம்பு ஒரே பக்கம் மட்டும் அடர்ந்திருக்கிறது. ஒருபக்கச் செம்பு, சேம்பர் மையம் விலகி வெட்டப்பட்டிருக்கலாம் என்பதன் சாடை. அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. போனில் செருகும் போர்ஸ்கோப் இப்போது மலிவு. ஆனால் அதில் எந்த பேரலும் நிலாவின் முகம் போலத்தான் தெரியும். டார்கெட்டில் குரூப் (ஒரு சுற்றில் விழுந்த ஓட்டைகளின் கொத்து) நன்றாக இருக்கும்போது அந்தப் படத்தைப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டாம்.

## குரூப் விரிந்து கிடக்கிறது

முதல் 16 ஷாட்டில் குரூப்பைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். அதன் பிறகும் மூன்று ஷாட் குரூப் ஒன்றை நம்ப வேண்டாம். ஐந்து ஷாட் குரூப் குறைந்தது இரண்டு வேண்டும், ஒரே தோட்டாவில், ரெஸ்ட் மேல் வைத்து.

பிறகு குரூப்பின் வடிவத்தைப் பாருங்கள்.

மேலும் கீழுமாக நீள்கிறது, சூடேறச் சூடேற ஏறிக்கொண்டே போகிறது. பேரல் ஸ்டாக்கை (ரைபிளின் கட்டையை) தொடுகிறது. ஒரு ரிங்கிட் நோட்டை எடுங்கள். பாலிமர் என்பதால் வழுக்கிக்கொண்டு போகும், கிழியாது. இரண்டாக மடித்து பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே செருகி, முன்னாலிருந்து ரிசீவர் (போல்ட் ஓடும் உடற்பகுதி) வரை இழுங்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே தொடுகிறது. மர ஸ்டாக் மழைக்காலத்தில் ஊதி, போன மாதம் இல்லாத தொடுகை இந்த மாதம் வரும். பினாங்கில் கடலோர வீட்டில் வைத்திருக்கும் ரைபிள்களுக்கு இந்தச் சோதனையை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்வது நல்லது. தொடும் இடம் சிறியது, வெறும் மரம் என்றால், ஒரு குழாய்த்துண்டில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்து, தேய்த்த இடத்துக்கு உடனே வார்னிஷ் பூசுங்கள். பூசாமல் விட்டால் அந்த வெறும் மரம் இன்னும் ஈரம் குடிக்கும்.

இரண்டு தனித்தனிக் கொத்து. ஏதோ ஒன்று இரண்டு நிலைகளுக்கு இடையே ஆடுகிறது. ஆக்‌ஷன் திருகு, ஸ்கோப் ரிங், ஸ்கோப் பேஸ் என்ற வரிசையில் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன அளவே அளவு. அது கையில் இல்லாவிட்டால், அலுமினிய பெட்டிங் (ரிசீவர் அமரும் தளம்) உள்ள சென்டர்ஃபயர் ஸ்டாக்குக்கு 7 நியூட்டன் மீட்டர் சுற்றியும், மர ஸ்டாக்குக்கு 4 முதல் 5 வரையும், ஸ்கோப் ரிங் திருகுக்கு 2க்கு உள்ளேயும் இருப்பது வழக்கம். கை உணர்வால் "நல்லா டைட்டு" என்பது அளவில்லை. திருகுகளை இறுக்கும்போது ரைபிளைச் செங்குத்தாக நிறுத்தி, ரிசீவர் பின்னோக்கி அமர்ந்திருக்கிறதா என்று பார்த்து, முன் திருகை முதலில் இறுக்குங்கள்.

பக்கவாட்டில் நீள்கிறது. காற்று, அல்லது சுடுபவரின் விசை விரல். பேரலை விட்டுவிடுங்கள்.

எல்லாப் பக்கமும் சிதறல். இங்கே வரிசை இது. வேறு தோட்டா, வேறு தயாரிப்புத் தொகுதி எண்; .22இல் ஒரே பிராண்டின் இரண்டு தொகுதி எண்களே வானும் மண்ணுமாக இருக்கும். அடுத்து ஸ்கோப்பைக் கழற்றி, சரியாக இருப்பது உறுதியான இன்னொன்றைப் போட்டுப் பாருங்கள். அடுத்து சூடு: பேரலை ஐந்து விநாடி பிடிக்க முடியாவிட்டால் அது சூடு, சுடுவதை நிறுத்துங்கள். கோலாலம்பூர் உச்சி வெயிலில் திறந்தவெளி ரேஞ்சில், சுடாமல் மேசையில் கிடக்கும் பேரலே அந்த நிலைக்குப் போகும். ரைபிளை நிழலில், போல்ட் திறந்து, சிறு பேட்டரி விசிறி வைத்து ஆறவிடுங்கள். பழக்கல் காலத்தில் ஐந்து ஷாட் சுற்றுக்கு மேல் தொடர்ந்து சுடத் தேவையே வராது.

இதுவும் இல்லையென்றால் க்ரவுன். குழல்வாயின் உள் விளிம்பில் காதுகுடையும் பஞ்சுக்குச்சியை உள்ளிருந்து வெளியே சுற்றிலும் இழுங்கள். நூல் இழை எங்காவது சிக்கினால் அங்கே சிறு பிசிறோ அடிபட்ட வடுவோ இருக்கிறது. சில ஷாட்டுக்குப் பின் குழல்வாயில் படியும் கரிக்கோலம் நட்சத்திரம் போல எல்லாப் பக்கமும் ஒத்திருக்க வேண்டும். ஒரு கதிர் மட்டும் நீண்டோ குறைந்தோ இருந்தால் அதுவும் அதே சாட்சி. க்ரவுனை மறுபடி வெட்டுவது ஆர்மரரின் லேத் வேலை, புது பேரல் விலையோடு ஒப்பிட்டால் சின்னச் செலவு. கை டிரில்லில் வெட்டிப் பார்க்கும் வீடியோக்களைப் பார்த்து ரசிக்கலாம், அவ்வளவுதான்.

இத்தனையும் தாண்டிய சிதறல் என்றால் மட்டும் பேரலைக் கழற்றி, சேம்பர் மையத்தையும் ரிசீவர் திரெட்டையும் அளக்கச் சொல்லுங்கள். போகும்போது டார்கெட் தாள்களையும் பேட்சுப் பையையும் கொண்டு போங்கள்.

## சுத்தம் செய்தபின் முதல் ஷாட் மட்டும் விலகுகிறது

இது கோளாறே இல்லை. சுத்தமான உட்புறத்தில் முதல் குண்டு வேறு மாதிரி போகும். சென்டர்ஃபயருக்கு இரண்டு மூன்று ஷாட்டில் அடங்கும்; .22க்கு பத்து இருபது, சில பேரலுக்கு அதற்கு மேலும் ஆகும், மெழுகு மறுபடி படிய வேண்டுமே. போட்டிக்கு முந்தின இரவு .22 பேரலை வெள்ளிப் பாத்திரம் போலப் பளபளக்க வைப்பவருக்குச் சைட்டர் ஷாட் (மதிப்பெண்ணுக்கு முன் குறி சரிபார்க்கும் ஷாட்) போதாமல் போவது இதனால்தான்.

ஆனால் விலகல் ஒவ்வொரு முறையும் வேறு வேறு திசையில் என்றால் உள்ளே எண்ணெய் மிச்சம். சுடுவதற்கு முன் உலர்ந்த பேட்ச் இரண்டு ஓட்டுங்கள். எண்ணெய் நனைந்த குழலில் சுடுவது குரூப்பை மட்டும் கெடுப்பதில்லை, அழுத்தத்தையும் ஏற்றும்.

## ராடு ஓரிடத்தில் இறுகுகிறது அல்லது தளர்கிறது

இறுக்கமான உலர்ந்த பேட்சை ஒரே வேகத்தில், மெதுவாக, சேம்பரிலிருந்து குழல்வாய் வரை தள்ளுங்கள். எந்த இடத்தில் கை உணர்வு மாறுகிறதோ, ராடில் டேப் ஒட்டி அடையாளமிடுங்கள். மூன்று முறை செய்து, அதே இடமா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் இடம் மாறினால் பேட்ச் மடிந்திருக்கிறது, வேறொன்றுமில்லை.

சேம்பரைத் தாண்டியவுடன் இறுக்கம்: கரி வளையம். .22இல் அடிக்கடி, சென்டர்ஃபயரில் சில நூறு ஷாட்டுக்குப் பிறகு. கரி சால்வென்ட்டில் நனைத்த பேட்சை ஒரு அளவு சிறிய பிரஷில் சுற்றி, சரியாக அந்த இடத்தில் நிறுத்தி, குழல்வாய் சற்றுத் தாழ இருக்கும்படி வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு வெண்கல பிரஷை அங்கேயே வலப்புறமாகப் பத்துச் சுற்று திருகுங்கள். இடப்புறம் திருகினால் பிரஷ் கழன்று உள்ளேயே தங்கிவிடும். துடைத்து, மறுபடி ராடு சோதனை. இரண்டு மூன்று தவணை பிடிக்கலாம்.

நடுவில் எங்கோ லேசான இறுக்கம்: பல பேரல்களில் இருக்கும், குரூப் நன்றாக இருந்தால் மறந்துவிடலாம்.

நடுவில் திடீரென்று தளர்ந்து, உடனே மறுபடி பழைய பிடி: உப்பல். வெளிச்சத்தில் பேரலின் வெளிப்புறத்தை நீளவாக்கில் பாருங்கள். குழல் விளக்கின் பிரதிபலிப்பு அந்த இடத்தில் வளைந்து தெரியும். தெரியாவிட்டாலும் நம்பாதீர்கள். இந்த ரைபிளில் இனி ஒரு தோட்டாகூட இல்லை, நேராக ஆர்மரரிடம். உப்பலைச் சரிசெய்ய முடியாது, பேரல் மாற்றம்தான்.

## போல்ட் மூடக் கடினம், அல்லது சுட்டபின் தூக்கக் கடினம்

இரண்டும் வெவ்வேறு நோய். குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மூடும்போதே கடினம். போல்ட்டின் லக் (பூட்டும் மேடு) பின்பக்கம், சேம்பர் வாய், போல்ட் முகம் மூன்றையும் துடையுங்கள். ஒரு மணல் துகள் போதும். லக்கில் கிரீஸ் இருக்கிறதா? ஒரு பருக்கை அளவு போதுமானது. பிறகு வேறு பிராண்ட் தோட்டா. அதுவும் கடினம் என்றால், ஏற்றி இறக்கிய தோட்டாவின் குண்டில் ரைஃப்லிங் வரி பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். .22 டார்கெட் சேம்பரில் லேசான பதிவு இயல்பு. புதிதாக ஆழமாகப் பதிந்தால் கரி வளையம், மேலே பார்க்க. சென்டர்ஃபயரில், பேரல் மாட்டிய நாளிலிருந்தே எல்லாத் தோட்டாவும் கடினம் என்றால் ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும் சேம்பருக்கும் நடுவே தோட்டாவுக்கு உள்ள இடம்) குறைவு. கோ, நோ‑கோ கேஜ் வைத்து ஆர்மரர்தான் சொல்ல வேண்டும். பேரல் மாட்டியவரே அந்தச் சோதனையைச் செய்து எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கேளுங்கள்.

சுட்டபின் தூக்கும்போது கடினம். முதலில் சேம்பரைத் துடையுங்கள். சுத்தம் செய்த கையோடு சேம்பரில் சால்வென்ட்டையோ எண்ணெயையோ விட்டுவிட்டால் கேஸ் சுவரைப் பிடிக்காமல் முழு உதையையும் போல்ட் மேல் இறக்கும். பழக்கல் காலத்தில் பத்து முறை சுத்தம் செய்கிறோம், பத்தில் ஒரு முறையாவது இது மறந்துபோகும். அடுத்தது வெயில்: மேசை மேல் திறந்து கிடந்த தோட்டாப் பெட்டி. சூடான மருந்து அழுத்தத்தை ஏற்றும். பெட்டியை நிழலில், மூடியோடு வையுங்கள்; சுடத் தயாராகும் முன் தோட்டாவைச் சூடான சேம்பரில் ஏற்றிக் காத்திருக்கவும் வேண்டாம்.

இரண்டையும் சரிசெய்த பிறகு கேஸைப் பாருங்கள். ப்ரைமர் (கேஸின் அடியிலுள்ள, மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டையாகி விளிம்பு வரை பரவியிருக்கிறதா, கேஸின் அடியில் பளபளப்பான வட்டத் தடம் இருக்கிறதா, விளிம்புக்குச் சற்று மேலே பளிச்சென்ற வளையம் ஓடுகிறதா? கடைசியது இருந்தால் பேப்பர் கிளிப்பின் நுனியை வளைத்து கேஸின் உட்சுவரில் அடியிலிருந்து மேலே இழுங்கள். பள்ளத்தில் நுனி விழுந்தால் கேஸ் துண்டாகப் போகிறது என்று பொருள். இவற்றில் எது இருந்தாலும் அன்றைய சுடுதல் முடிந்தது. சுட்ட கேஸ்களையும் மிச்சத் தோட்டாவையும் சேர்த்து ஆர்மரரிடம் காட்டுங்கள்.

## குண்டின் வேகம் ஏறிக்கொண்டே போகிறது

க்ரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வைத்திருப்போருக்கு மட்டும் வரும் கவலை. சென்டர்ஃபயர் பேரல் முதல் 100 முதல் 200 ஷாட்டுக்குள் கொஞ்சம் வேகமெடுத்துப் பிறகு நிலைக்கும். அதுவரை நீண்ட தூரத்துக்கான சைட் அட்டவணையைப் பேனாவால் எழுதாதீர்கள், பென்சில் போதும்.

## பேட்ச் ஆரஞ்சு நிறத்தில் வருகிறது

வெளிநாட்டுக் குறிப்புகளில் இதற்கு இரண்டு வரிதான் இருக்கும். ஆண்டு முழுக்கக் காற்றில் ஈரம் 80 சதவீதத்தை ஒட்டி நிற்கும் நம் ஊரில் இதுதான் பேரலைக் கொல்லும் முதல் எதிரி.

சுத்தம் செய்து வைத்த மறுநாள் காலை, சால்வென்ட் எதுவும் இல்லாமல் உலர்ந்த வெள்ளை பேட்ச் ஒன்று ஓட்டுங்கள்.

- நீலப்பச்சை: செம்பு சால்வென்ட் மிச்சம். ஆல்கஹால் பேட்ச் போட மறந்திருக்கிறீர்கள்.
- மஞ்சள் கலந்த பழுப்பு, பிசுக்கு: பழைய எண்ணெய். துடைத்தால் போதும்.
- ஆரஞ்சுத் தூள்: துரு.

ஸ்டெய்ன்லெஸ் என்று தைரியமாக இருக்க வேண்டாம். டார்கெட் பேரல்களுக்குப் பெரும்பாலும் பயன்படும் 416 வகை எஃகு, சமையலறைக் கரண்டியின் எஃகு அல்ல. அதுவும் துருப்பிடிக்கும், மெதுவாக.

தூள் மட்டும் என்றால் எண்ணெய் நனைத்த வெண்கல பிரஷ் பத்து முறை, துடைப்பு, மறுபடி எண்ணெய். மூன்று நாள் தொடர்ந்து காலையில் உலர்ந்த பேட்ச் ஓட்டிப் பாருங்கள். வெள்ளையாகவே வந்தால் தப்பித்தீர்கள். வெளிப்புறத் துருவுக்கு நான்கு பூஜ்ய எண் இரும்புக் கம்பளியில் எண்ணெய் விட்டு, அழுத்தாமல்.

எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காவிட்டால் மறுபடி வரும். நான்கு இடம் பாருங்கள்.

பயணப் பெட்டியின் நுரைப்பஞ்சு. சுபாங் ரேஞ்சில் மாலை மழையில் நனைந்த பெட்டியை அப்படியே மூடி வைத்தால் அந்தப் பஞ்சு வாரக்கணக்கில் ஈரத்தை விடாது. பெட்டி பயணத்துக்கு மட்டும். வீடு வந்ததும் ரைபிள் பாதுகாப்புப் பெட்டகத்துக்குள், பயணப் பெட்டி திறந்தபடி விசிறிக்குக் கீழ்.

ஏர்கோன். குளிர்ந்த காரிலிருந்தோ அறையிலிருந்தோ எடுத்த ரைபிளை வெளியே திறந்தவுடன் ஐஸ் தம்ளர் போல வியர்க்கும், உட்புறமும் சேர்த்து. ரேஞ்சுக்கு வந்ததும் பெட்டியைத் திறக்காமல் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். அதற்குள் தே தாரேக் ஒன்று முடிந்துவிடும்.

கை வியர்வை. கடைசியாகத் தொட்ட இடமெல்லாம் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு.

பெட்டகத்தின் உள்ளே. ஈரமானி ஒன்று வையுங்கள். 45 முதல் 50 சதவீதம் நல்ல இலக்கு. மர ஸ்டாக் இருந்தால் 40க்குக் கீழே இறக்க வேண்டாம், மரம் வெடிக்கும். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து மறுபடி பயன்படுத்தலாம். மலையடிவாரத்திலோ, ஆயர் ஈத்தாம் பக்கம் போல எப்போதும் ஈரக் காற்று நிற்கும் இடத்திலோ வீடு இருந்தால் ஜெல் வாரத்தில் நிறைந்துவிடும். அங்கே பெட்டகத்துக்குள் வைக்கும் சூடேற்றும் கம்பிதான் தாங்கும். சுடாத மாதங்களிலும் இரண்டு வாரத்துக்கு ஒரு எண்ணெய் பேட்ச்.

துருவைத் துடைத்த பிறகு டார்ச் வெளிச்சத்தில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவை குழிகள். த்ரோட்டிலோ குழல்வாய் ஓரத்திலோ இருந்தால் ஆர்மரரிடம் போர்ஸ்கோப் போட்டுக் காட்டுங்கள். வேறெங்காவது ஒன்றிரண்டு என்றால், அந்த இடத்தில் செம்பு கொஞ்சம் கூடப் படியும். சுத்தம் செய்யும் நேரம் ஐந்து நிமிடம் கூடும், குரூப் கெடாத வரை சுடுங்கள்.